மரம் பச்சை, தட்டு சிவப்பு

யுகாதாவின் (ஜப்பானிய விடுதியில் கொடுக்கிற பருத்தி அங்கி) வலப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் ஒருமுறை பார்த்து, பரவாயில்லையே என்று நினைத்தபடி அறையை விட்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் தேநீர்த் தட்டோடு எதிரே வந்த நகாய்-சான் (அறையைக் கவனித்துக்கொள்கிற பெண்மணி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும்) என்னைப் பார்த்ததும் நின்றார். தட்டைக் கீழே வைத்தார். என்னை மெல்ல அறைக்குள்ளேயே திருப்பி, கச்சையைத் தளர்த்தி, இடப்பக்கத்தை இழுத்து மேலே போட்டு, பள்ளிக்கூடம் போகிற பையனுக்குச் செய்வதுபோல இறுக்கிக் கட்டிவிட்டு, ஒரு குனிவு குனிந்து, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னாச்சுங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல, மாத்திக் கட்டிட்டேன்."

அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "வலது மேல வந்தா பொணத்துக்குக் கட்டற மொறையாமா. நல்லவேளை, அந்தம்மா பாத்துச்சு."

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இருபது வருடமாக ஜப்பான், ஜப்பான் என்று வீட்டில் உயிரை வாங்கிக்கொண்டிருப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் ஹிரகானா எழுதிப் பழகியவன், தேநீர்ச் சடங்கைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசி அறுத்தவன். ஆனாலும் பதற்றத்தில் பிணம் மாதிரிதான் கட்டிக்கொண்டு நின்றேன். படித்து வைத்திருப்பது வேறு, உடம்புக்குத் தெரிந்திருப்பது வேறு.

திருமணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதை ஒட்டிப் போன பயணம் இது. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஒசாகா. நவம்பரில் போகலாம் என்று நான் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சகுரா ஏப்ரல்லதானே?" சகுராவை, அதாவது செர்ரிப் பூவை, எல்லோருக்கும் தெரியும். எனக்கு வேண்டியது மொமிஜி, அதாவது மேப்பிள் இலை சிவக்கிற காலம். அதைப் பார்க்கப் போவதற்கு ஜப்பானியரிடம் மொமிஜி-காரி என்று ஒரு சொல் இருக்கிறது. காரி என்றால் வேட்டை. மானையோ பன்றியையோ துரத்துகிற அதே சொல்லைத்தான் இலைக்கும் வைத்திருக்கிறார்கள். நமக்கு இலையுதிர்காலம் என்பது பாடப்புத்தகத்தில் வருகிற சொல். ஐப்பசி என்றால் நமக்கு அடைமழை, அவ்வளவுதான். அதனால்தானோ என்னவோ எனக்கு இதில் இவ்வளவு ஆசை.

பணத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொகுசுப் பயணம் என்று எழுதுகிறவர்கள் பலர் இதைக் கடைசியில் ஒளித்து வைக்கிறார்கள். நல்ல ரியோகானில், அதாவது பழைய பாணி விடுதியில், வாடகை அறைக்கு இல்லை, ஆளுக்கு. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். வலைத்தளத்தில் 70,000 யென் என்று பார்த்துவிட்டு, சரி, நூறு யென் அறுபது ரூபாய் பக்கம், நாற்பதாயிரத்துச் சொச்சம்தானே என்று மனக்கணக்கு போட்டவன், பணம் கட்டுகிற பக்கத்தில் அது இரண்டு மடங்கானதைப் பார்த்து லேப்டாப்பை மூடிவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஒரு ராத்திரிக்கு எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். கியோட்டோ நகராட்சி 2026 மார்ச்சிலிருந்து தங்கும் வரியையும் ஏற்றிவிட்டது. ஆளுக்கு ஒரு இரவு 1,00,000 யென்னுக்கு மேல் போகிற அறை என்றால் வரி மட்டும் 10,000 யென்.

பத்து நாளையும் இப்படியே கழிக்க நம்மால் முடியாது. முடிந்தாலும் கூடாது என்பதுதான் என் கட்சி. ஒரே ஒரு இரவு அந்த மாதிரி இடம். இன்னொரு இரவு மலைக்கோயிலில். மீதி நாளெல்லாம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கட்டிலைச் சுற்றி நடக்க இடமில்லாத, ஆனால் சுத்தமான சாதாரண ஹோட்டல். ஒரு பயண நிறுவனத்தில் விசாரித்தபோது பத்து நாளில் ஏழு ஊர், எல்லாம் ஐந்து நட்சத்திரம், தினமும் இந்தியச் சாப்பாடு என்று ஒரு திட்டத்தை நீட்டினார்கள். அதற்கு மலம்புழா அணைக்கே போய்விட்டு வரலாம்.

இலை ஏன் சிவக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எங்கள் பயணத்தின் வில்லன் அதுதான். காலைக் குளிர் எட்டு டிகிரி வாக்கில் இறங்க ஆரம்பித்ததும் இலையிலுள்ள பச்சை உடைகிறது. இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்பு உருவாகி, பகலில் வெயிலில் தயாரான சர்க்கரை கிளைக்குத் திரும்பிப் போக முடியாமல் இலைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அந்தச் சர்க்கரையிலிருந்துதான் சிவப்பு நிறமி வருகிறது. பகலில் நல்ல வெயில், ராத்திரி நல்ல குளிர், இரண்டும் சேர்ந்தால் இலை எரிகிற மாதிரி இருக்கும். சகுரா தெற்கிலிருந்து வடக்கே ஏறுகிறது என்றால், சிவப்பு வடக்கிலிருந்து தெற்கே இறங்குகிறது. செப்டம்பர் நடுவிலேயே ஹொக்கைடோவின் தைசெட்சு மலையில் ஆரம்பித்து, கியோட்டோவுக்கு வந்து சேர நவம்பர் கடைசி ஆகிவிடும். ஜப்பான் வானிலை ஆய்வகம் 1953-லிருந்து குறித்து வருகிற கணக்குப்படி மேப்பிள் சிவக்கிற நாள் பத்து வருடத்துக்கு ஏறத்தாழ மூன்று நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அப்பா காலத்துப் பயண நூலை வைத்துக்கொண்டு போனால் பச்சை இலையைத்தான் பார்க்க வேண்டும்.

எட்டு மாதம் முன்பே பதிவு செய்தால்தான் நல்ல விடுதி கிடைக்கும். ஆனால் எட்டு மாதம் முன்பு எந்த இலைக்கும் எந்த நாளில் சிவக்கப்போகிறோம் என்று தெரியாது. நான் நவம்பர் 14-ஐப் பிடித்தேன். அது பத்து நாள் முந்திவிட்டது.

முதலில் நாரா. மான்களைப் பற்றி எழுத மாட்டேன், அவை என் மனைவியின் சேலைத் தலைப்பைத் தின்றதைத் தவிர. நாங்கள் போனது ஷோசோ-இன் கண்காட்சிக்காக. தோதைஜி கோயிலுக்குப் பின்னால் உயரமான கால்களில் நிற்கிற மரக் களஞ்சியம் அது. ஷோமு பேரரசர் இறந்தபின் 756-ல் அவருடைய மனைவி கோமியோ அவர் புழங்கிய பொருள்களைக் கோயிலுக்குக் கொடுத்தார், அவை அங்கே பத்திரமாகியிருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை, மழை ஈரமெல்லாம் வற்றிய அக்டோபரில், பேரரசரின் தூதர் வந்து முத்திரையை எடுத்த பிறகுதான் கதவு திறக்கும். உள்ளே ஏறத்தாழ 9,000 பொருள்கள். அவற்றில் அறுபது போலத் தேர்ந்தெடுத்து நாரா தேசிய அருங்காட்சியகத்தில் பதினேழு நாள் போல வைப்பார்கள், அவ்வளவுதான், அடுத்த வருடம் வேறு அறுபது. நாளும் நேரமும் போட்ட சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். கூட்டம் திருப்பதி மாதிரி, ஆனால் சத்தமே இல்லாத திருப்பதி.

அந்தக் களஞ்சியத்தில் ஒரு தூரிகை இருக்கிறது. 752-ல் தோதைஜியின் பெரிய புத்தருக்குக் கண் திறந்தபோது பிடித்த தூரிகை. பிடித்தவர் போதிசேனர், இந்தியாவிலிருந்து 736-ல் போய்ச் சேர்ந்த துறவி. தூரிகையில் நீளமான நீல நூலைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம், தாங்களும் சேர்ந்து கண் திறந்த புண்ணியத்துக்காக. அந்த நூலும் களஞ்சியத்தில் இருக்கிறது. நம்மூர்க் கும்பாபிஷேகத்தில் யாகசாலையிலிருந்து மூலவர்வரை நூல் கட்டுவதைப் பார்த்திருக்கிறோம், அதனால் என் மனைவிக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. நாங்கள் போன வருடம் தூரிகையைக் காட்சிக்கு வைக்கவில்லை. வைத்திருந்த ஒரு பட்டுத் துணியின் கிழிசல் முன்னால் அவள் கால்மணி நேரம் நின்றாள், பின்னால் வந்த பாட்டிகள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அங்கிருந்து கோயாசான். பெட்டிகளை ஹோட்டலிலேயே கொடுத்துவிட்டோம். தக்யூபின் என்கிற சேவை, இரண்டாயிரம் மூவாயிரம் யென்னுக்குப் பெட்டியைக் கியோட்டோவில் நாங்கள் தங்கப்போகும் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். முழங்கால் வலிக்கிறவர்களுக்கு ஜப்பானில் இதைவிடப் பெரிய சொகுசு இல்லை, தங்க முலாம் பூசிய குழாயெல்லாம் அப்புறம். கைப்பையோடு மட்டும் மலையேறினோம்.

கோயாசானை 816-ல் கூகாய் என்ற துறவி நிறுவினார். மேலே நூற்றுப் பதினேழு கோயில்கள், அதில் ஐம்பதைச் சுற்றி யாத்ரீகர்களைத் தங்கவைக்கிறவை. கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல், அதனால் குளிர் முன்னாலேயே வந்துவிடுகிறது. நாங்கள் போனபோது சிவப்பு உச்சத்தைத் தாண்டி, பாதி மரத்திலும் பாதி பாசியின் மேலும் கிடந்தது. கீழே கிடப்பதைப் பெருக்குவதில்லை. விரித்த மொமிஜி என்று அதற்கும் ஒரு பேர், ஷிகி-மொமிஜி. எனக்கு மரத்தில் இருப்பதைவிட அதுதான் பிடித்தது: ஈரப் பாசியின் பச்சை, அதன்மேல் ஏழு விரல் விரித்த சிவப்பு. அந்த ஏழு விரலுக்கும் ஒரு கதை உண்டு. பழைய ஜப்பானிய எழுத்து வரிசை இ, ரோ, ஹா என்று தொடங்கும். இலையின் மடல்களை அப்படி எண்ணியதால் அந்த மரத்துக்கே இரோஹா-மொமிஜி என்று பெயர் வந்துவிட்டது. நம் குழந்தைகள் அ, ஆ என்று விரல் மடக்குவது மாதிரி.

விடியற்காலை ஆறு மணிக்குப் பூசை. அறையில் கொதாட்சு இருந்தது, போர்வை போர்த்திய, அடியில் சூடு வருகிற குட்டை மேசை. அதிலிருந்து காலை வெளியே எடுக்கவே மனமில்லை. போனால், கோமா. அப்படித்தான் சொல்கிறார்கள், நம் ஹோமம்தான் அது, ஷிங்கோன் என்கிற பௌத்தப் பிரிவோடு சீனா வழியாகப் போனது. சமித்து மாதிரி மரக்குச்சியைப் போட்டு, எண்ணெய் விட்டு, அர்ச்சகர் சொல்லிக்கொண்டே வருகிறார். மந்திரத்தின் முடிவில் "சொவாகா" என்று வந்தது. இவள் என் முழங்கையை இடித்தாள். ஸ்வாஹா! அப்புறம் ஒவ்வொரு முறையும் "சொவாகா" வரும்போதெல்லாம் அவள் உதடும் அசைந்தது. ஒகுனோ-இன் என்கிற இரண்டு கிலோமீட்டர் கல்லறைப் பாதையின் கடைசியில் கூகாய் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்பி, தினமும் இரண்டு வேளை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். ஜீவசமாதி என்றேன். "அதான் புரியுதே, வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

அந்தக் கோயில் சாப்பாடு ஷோஜின் ரியோரி, சுத்த சைவம். மீன் கிடையாது, முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. எள்ளை அரைத்துக் கூசு என்கிற கிழங்கு மாவோடு கிண்டிய கோமா-தோஃபு நாக்கில் வெண்ணெய் மாதிரி கரைந்தது. தோஃபுவைக் குளிரில் உறையவைத்துக் காயப்போட்டு எடுக்கிற கோயா-தோஃபு, சாறு குடித்த பஞ்சு மாதிரி. இவள் பிறந்ததிலிருந்து சைவம், நான் மீன்வரை இறங்குவேன். பயணம் முழுக்க அவள் நிம்மதியாகச் சாப்பிட்ட இடம் இந்த மலைதான் என்று நினைத்திருந்தோம்.

கியோட்டோவில் இறங்கினால், எல்லாம் பச்சை. கருவேப்பிலைத் தோட்டம் மாதிரி பச்சை. நான் நிலையத்தில் இருந்த இலை நிலவரப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு கோயிலுக்கும் நேராக நிறம் போட்டிருந்தார்கள், சும்மா லேசாக மஞ்சள் கண்டது என்கிற அளவுக்குத்தான். "பரவால்ல விடுங்க, எலை என்ன நம்ம மாமன் மச்சானா, சொன்ன தேதிக்கு வர்றதுக்கு" என்றாள். இத்தனைக்கும் நாங்கள் மிகவும் ஆசைப்பட்டு வைத்திருந்தது எய்கான்-தோ கோயில். மொமிஜிக்கென்றே பேர்போனது. அங்கே இருக்கும் அமிதா புத்தர் நேரே பார்க்காமல் இடத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். 1082-ல் எய்கான் என்ற துறவி நாமம் சொல்லிச் சுற்றிவந்துகொண்டிருந்தபோது சிலை பீடத்திலிருந்து இறங்கி அவருக்கு முன்னால் நடந்ததாம். அவர் திகைத்து நின்றுவிட, அமிதா திரும்பிப் பார்த்து "எய்கான், தாமதம்" என்றாராம். எழுபத்தேழு சென்டிமீட்டர்தான் உயரம். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் முகம் நேராகத் தெரியும், அதற்கென்று இடம் விட்டிருக்கிறார்கள். அதட்டுகிற முகம் இல்லை, பிள்ளை பின்னால் வருகிறதா என்று தெருமுனையில் திரும்பிப் பார்க்கிற முகம். வெளியே வந்து, பச்சையாக நின்ற மரங்களைப் பார்த்து இவள் அதே தொனியில் "தாமதம்" என்றாள்.

ஆனால் நகரத்தை விட்டு வடமேற்கே ஏறினால் தகாவோ. குளிர் அங்கே ஒன்றிரண்டு வாரம் முந்தி வரும். அரைநாளைக்கு ஒரு டாக்சி பேசினோம். ஓட்டுநர் வெள்ளைக் கையுறை, கதவு தானாகத் திறந்து மூடிக்கொள்கிறது, இவள் கடைசிவரை இறங்கியதும் கதவைச் சாத்தப் போய்க்கொண்டே இருந்தாள், அவரும் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்தார். பேருந்திலேயே போகலாம், ஐம்பது நிமிடம், ஆனால் ஜிங்கோ-ஜி கோயிலுக்கு நானூறு படிக்கட்டு ஏற வேண்டும், அதற்குக் காலை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம் என்று. மேலே போனால், இருக்கிறது! மலைச்சரிவு முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சும், நடுநடுவே விடாப்பிடியாக ஒரு பச்சை. கோயிலின் ஓரத்தில் சுட்ட மண் வட்டுகளை விற்கிறார்கள். பள்ளத்தாக்கில் வீசினால் பீடை போகுமாம். நான் வீசியது பத்தடியில் மரத்தில் பட்டு உடைந்தது. இவள் கையை மடக்கி, நொண்டியாட்டத்துக்குச் சில்லு போடுகிற மாதிரி விட்டாள் பாருங்கள், அது மிதந்து, வளைந்து, ஆற்றுச் சத்தம் வருகிற திசையில் போய் மறைந்தே விட்டது. பக்கத்தில் நின்ற ஜப்பானியத் தாத்தா கை தட்டினார். எண்பதாயிரத்துக்கு வாங்காத சந்தோஷம்.

அன்று மாலைதான் அந்த எண்பதாயிரம். மூன்று மணிக்கு உள்ளே போகலாம். காசு கொடுக்கிறோம், மூன்றுக்கே போய்விட வேண்டும், ஆறு மணிக்குச் சாப்பாடு. வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள், நம் வீட்டு வாசல் மாதிரியே. செருப்பை விட்டால் அது மறைந்துவிடும், மறுநாள் கிளம்பும்போது திசை திருப்பி வைத்திருப்பார்கள். அறையில் பாய், தாழ்ந்த மேசை, சுவரில் பள்ளமாக இருக்கிற தொகொனோமா. அதில் ஒரு எழுத்துச் சுருள், ஒரே ஒரு காமேலியா மொட்டு. அந்த இடத்தில்தான் நான் கைப்பையை வைத்தேன். பூஜை மாடத்தில் சூட்கேஸ் வைக்கிற மாதிரி. நகாய்-சான் பையைத் தூக்கி அலமாரியில் வைத்தபோதும் முகத்தில் ஒன்றும் இல்லை. யுகாதா விவகாரம் அதற்கப்புறம்.

குளியல் தொட்டி கோயாமாகி மரத்தில் செய்தது, கோயாசான் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிற மரம். வெந்நீர் பட்டதும் வாசனை எழும்புகிறது. முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அப்புறம்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க இல்லை, ஊறுவதற்கு. அறையிலேயே தொட்டி என்பதால் அந்நியர்களோடு அம்மணமாகக் குளிக்கிற சங்கடம் இல்லை. குற்றாலத்தில் ஆயிரம் பேரோடு நிற்பவர்கள்தான் நாம், ஆனால் அங்கே துண்டு இருக்கிறது. நாற்பத்திரண்டு டிகிரி. ஜன்னலுக்கு வெளியே கையகலத் தோட்டம், கல் விளக்கு, ஒரு மேப்பிள். பச்சை.

சரி, சாப்பாடு. இதற்குத்தான் இவ்வளவும். கைசெகியில், அதாவது ஒவ்வொரு கிண்ணமாக வரிசையில் வருகிற விருந்தில், ஹஸ்ஸுன் என்று ஒரு தட்டு வரும். எட்டு சுன் என்று பொருள், இருபத்துநாலு சென்டிமீட்டர் போல இருக்கிற சதுரத் தேவதாருத் தட்டு, அந்தப் பருவத்தை அதில் உட்கார வைத்துக் கொடுப்பார்கள். நகாய்-சான் அதை வைத்துவிட்டு விலகியதும் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம், தொடவில்லை. ஜின்னான், மஞ்சள் பச்சையாக வறுத்த ஜின்கோ விதை, மூன்று மூன்றாகப் பைன் ஊசியில் கோத்திருந்தது. முள் ஓட்டோடு ஒரு செஸ்ட்நட்; அந்த முள் உண்மையில் பொரித்த நூல் சேமியா. காக்கிப் பழத்தை (பெர்சிமன்) குடைந்து கிண்ணமாக்கி, மசித்த தோஃபுவில் பிசைந்த அதே பழத்தை உள்ளே வைத்து, பழத்தின் காம்பையே மூடியாகப் போட்டிருந்தார்கள். ஜின்கோ இலை மாதிரி வெட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்குச் சீவல். எல்லாம் தட்டின் ஒரு மூலையில், ஏதோ காற்று வந்து ஒதுக்கிவிட்டுப் போன சருகு மாதிரி. அப்படியே பெயரும் உண்டு, ஃபுகியோசே, காற்று அடித்துச் சேர்த்தது. இதன் மேல், எதற்கும் இல்லாமல், ஒரு மொமிஜி இலை. ஒரு புள்ளி கருப்பு இல்லை, ஒரு ஓரம் கிழியவில்லை. சிவப்பு.

"ஊரெல்லாம் பச்சையா இருக்கு, இவங்களுக்கு மட்டும் எங்கிருந்து கெடச்சுது?"

எனக்குத் தெரிந்த பதில் ஒன்று இருந்தது, இருபது வருடப் பைத்தியம் ஒரு இடத்திலாவது உதவ வேண்டாமா. ஷிகோகு தீவில் தொகுஷிமா மாவட்டத்தில் கமிகாட்சு என்று ஒரு மலைக் கிராமம். அங்கே 1986-ல் ஆரம்பித்து, வயதான பெண்கள் மலையிலிருந்து இலை பறித்து உணவகங்களுக்கு விற்கிறார்கள். தட்டில் அலங்காரமாக வைக்கிற இலைக்கு ஒரு சந்தையே இருக்கிறது. பருவத்துக்குக் கொஞ்சம் முந்தியே வேண்டும், அளவு ஒரே மாதிரி வேண்டும், பூச்சி அரித்திருக்கக் கூடாது. இந்த இலை அங்கிருந்துதான் வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இப்படி ஏதாவது ஒரு பாட்டியின் கை பட்டுத்தான் வந்திருக்கும். "எலைய வித்துப் பொழைக்கறாங்களா? நம்மூர்ல வாழையெல வித்தா மாதிரி" என்றாள். அப்புறம், "இல்ல, நம்மது சாப்புடறதுக்கு. இது பாக்கறதுக்கு" என்று அவளே திருத்திக்கொண்டாள்.

அடுத்து சூப் வந்தது. மூடியைத் திறந்து ஒரு வாய் வைத்தவள் என்னைப் பார்த்தாள். நான் வாங்கிக் குடித்தேன். கட்சுவோ. காய்ந்த மீன் சீவலில் எடுத்த தாஷி, சூப்புக்கு அடிப்படையான சாறு. பதிவு செய்தபோது சைவம் என்று எழுதியிருந்தேன், மீன் வேண்டாம் என்றும் எழுதியிருந்தேன்; மீன் துண்டு ஒன்றும் அதில் இல்லைதான், தண்ணீரே மீன் என்பது அவர்கள் கணக்கில் மீனாக வராது. என் அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னதும் நகாய்-சானின் முகம், அதுவரை எதற்கும் மாறாத முகம், வெளுத்துவிட்டது. பத்து நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் புதுக் கிண்ணம், கொம்புக் கடற்பாசியும் காய்ந்த ஷீதாகே காளானும் போட்டு முதலிலிருந்து எடுத்தது. பின்னாலேயே ஒகாமி, விடுதியின் தலைவி, பாயில் நெற்றி படுகிற அளவு குனிந்தார். எங்களுக்குத்தான் தர்மசங்கடம். இவள் தமிழிலேயே "பரவால்லைங்க அம்மா, எந்திரிங்க" என்று அவர் தோளைத் தொட்டுவிட்டாள். சைவக்காரர்கள் யாராவது போவதாக இருந்தால் சைவம் என்று மட்டும் எழுதாதீர்கள். கட்சுவோ தாஷியும் கூடாது, கொம்பு தாஷி மட்டும் என்று எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கிண்ணத்தையும் வைக்கும்போது நகாய்-சான் மெல்ல "கொம்பு" என்றார், இவள் "கொம்பு" என்று தலையாட்டினாள். கடைசியில் மண்சட்டியில் மட்சுதாகே சாதம். அந்தக் காளானுக்கு யானை விலை, வாசனைக்குத்தான் காசு. மழை பெய்த பைன் காட்டில் யாரோ பட்டையைச் சீவின மாதிரி. அரிசி புது அரிசி, ஷின்மாய். அதே சொல்லைத்தான் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆளுக்கும் சொல்வார்கள். நகாய்-சான் அதைச் சொல்லிவிட்டு என் யுகாதாவைக் காட்டி "ஷின்மாய்" என்றார். அன்று முழுக்க அவர் அடித்த ஒரே நகைச்சுவை. சாப்பிட்டு முடித்து உள்ளறைக்குப் போனால் படுக்கை விரித்தாகிவிட்டது, யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று தெரியாது.

மறுநாள் காலை கிளம்பியபோது வாசலில் நின்று, எங்கள் டாக்சி தெருமுனை திரும்புகிறவரை ஒகாமியும் நகாய்-சானும் குனிந்த நிலையில் இருந்தார்கள். இவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள், இடத் தோளுக்கு மேலாக.

கோவை விமான நிலையத்தில் இமிகிரேஷன் அதிகாரி அவளுடைய பாஸ்போர்ட்டை விரித்ததும் அதிலிருந்து ஏதோ மேசையில் விழுந்தது. எனக்கு அப்போதுதான் தெரியும்.

"என்னம்மா இது?"

"எலைங்க சார்."

"எலையா? எங்கருந்து?"

"தட்டுல இருந்துது."

அவர் அதை விரல்நுனியில் எடுத்து, விளக்குக்கு நேரே ஒருமுறை பிடித்துப் பார்த்தார். பிறகு விழுந்த பக்கத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை விட்டு அடுத்த பக்கத்தில் முத்திரை குத்தினார்.